வேட்டைச் சுறாக் குடும்பம்

கடலோரத்தில் வாழ்வோரும், கடலைக் கண்ணால் காணாதோரும் ஒருங்கே அறிந்த கடலுயிர் சுறா. 'சுறவு' எனவும் 'சுறா' எனவும் சங்க நூல்களிலேயே பயின்று வரும் பழம்பெயர் அது. பெயர் பழகியதாயினும், அவ்வுயிரைப் பற்றிய அறிவு அந்த அளவிற்குப் பரவவில்லை. சுறா என்றவுடன் பலர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது அச்சமே. வாயெல்லாம் பல்லாய், கண்டதையெல்லாம் கடித்து விழுங்கும் கொடிய உயிர் என்றே அதனைக் கருதுவர். ஆனால், அச்சம் அறிவாகாது. ஓர் உயிரின் இனம், உறவு, உடலமைப்பு, வாழ்க்கை முறை ஆகியவற்றை முறையாக ஆராய்ந்த பின்னரே அதன் உண்மை இயல்பு விளங்கும்.

சுறா என்பது ஓர் உயிரின் பெயரன்று. ஒரு பெருங்கூட்டத்தின் பெயர். உலகக் கடல்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் வாழ்கின்றன. ஒரு சாண் அளவே வளரும் குள்ளச் சுறாவும் அக்கூட்டத்தில் உண்டு. பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் நீண்டு வளரும் அம்மணி உழுவையும் உண்டு. அம்மணி உழுவை உருவத்தால் பெரிதெனினும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்டு வாழ்வது. தமிழகக் கடற்கரையில் பிடிபடும் பால்சுறா, மனிதனைத் தின்பதில்லை, மனிதனுக்கே உணவாகிறது. மகப்பேறடைந்த மகளிர்க்குச் சுறாப்புட்டுச் செய்து கொடுப்பது இன்றும் உள்ள வழக்கம். இவ்வாறு பலவகைப்பட்ட சுறாக்களுள், விரைவும் வலிமையும் வேட்டைத்திறனும் ஒருங்கே அமைந்து தலைசிறந்து விளங்குவது ஒரு சிறு குடும்பம். உயிர்நூலார் அதற்கு 'லாம்னிடே' எனப் பெயரிட்டுள்ளனர். கானாங்கெளுத்தி மீனைப் போன்ற உடலும் வாலும் உடைமையால், 'கானாங்கெளுத்திச் சுறாக்கள்' எனவும் இக்குடும்பத்தை வழங்குவர்.

வகைப்படுத்தும் முறை

நூல்நிலையத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளன. அவற்றைப் பொருளுக்கேற்பப் பிரித்து அடுக்கி வைத்தாலன்றி, வேண்டிய நூலை வேண்டியபொழுது எடுத்தல் அரிது. உயிர்களைப் பற்றிய அறிவும் அத்தகையதே. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டில் வெளியான தமது நூலின் பத்தாம் பதிப்பில், விலங்குகள் ஒவ்வொன்றிற்கும் இரு சொற்களாலாகிய பெயரிடும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நெருங்கிய சிற்றினங்கள் பலகூடிப் பேரினமாகும். பேரினங்கள் கூடிக் குடும்பமாகும். குடும்பங்கள் கூடி வரிசையாகும். வரிசைகள் கூடி வகுப்பாகும்.

எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பால் ஆகிய மீன்கள் யாவும் ஒரு வகுப்பைச் சார்ந்தவை. சுறாவும் திருக்கையும் அவ்வகுப்பில் அடங்கும். அதனுள் 'லாம்னிபார்மெஸ்' என்பது ஒரு வரிசை. ஏறத்தாழப் பதினைந்து இனங்களை உடையது. அவ்வரிசையின் குடும்பங்களுள் ஒன்றே லாம்னிடே. இக்குடும்பத்தில் இன்று வாழும் பேரினங்கள் மூன்று; சிற்றினங்கள் ஐந்து. கார்காரோடான் என்னும் பேரினத்தில் பெருவெள்ளைச் சுறா ஒன்றே உள்ளது. ஐசூரஸ் என்னும் பேரினத்தில் குறுந்துடுப்பு மாக்கோ, நெடுந்துடுப்பு மாக்கோ என இரண்டு உள்ளன. லாம்னா என்னும் பேரினத்தில் போர்பீகிள், சால்மன் சுறா என இரண்டு உள்ளன.

பெயர்களும் பொருளுடையனவே. கார்காரோடான் என்னும் கிரேக்கப் பெயர் கூரிய பல்லை உடையது எனப் பொருள்படும். ஐசூரஸ் என்பது, மேலிதழும் கீழிதழும் ஏறத்தாழ ஒத்த வாலை உடையது எனப் பொருள்படும். மாக்கோ என்பதோ நியூசிலாந்தின் பழங்குடிகளாகிய மாவோரி மக்களின் சொல்.

புலிச்சுறாவும் கொம்பன் சுறாவும் பெரிய வேட்டைச் சுறாக்களே எனினும், அவை இக்குடும்பத்தைச் சார்ந்தவை அல்ல; வேறு வரிசையின. மாறாக, வாயை அகலத் திறந்து நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் சில பெருஞ்சுறாக்கள் லாம்னிபார்மெஸ் வரிசையிலேயே இடம்பெறுகின்றன. எனவே, உணவு ஒன்றாதல் உறவுக்குச் சான்றாகாது. உணவு வேறாதல் உறவின்மைக்கும் சான்றாகாது. உடலின் உள்ளமைப்பையும் தோற்ற வரலாற்றையும் நுணுகி ஆராய்ந்தே உறவு துணியப்படும்.

பொது இயல்புகள்

இக்குடும்பத்துச் சுறாவின் உடல், நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இருமுனையும் கூர்ந்து அமைந்தது. மூக்கு கூம்பு வடிவினது. கண்கள் பெரியன, கரியன. பல சுறாக்களுக்குக் கண்ணைக் காக்கும் இமைத்திரை ஒன்று உண்டு. இக்குடும்பத்தில் அஃது இல்லை. ஆதலின், இரையைக் கடிக்கும் வேளையில் பெருவெள்ளைச் சுறா தன் விழியைப் பின்புறமாக உருட்டிக் காத்துக்கொள்கிறது. பக்கத்திற்கு ஐந்தாக நீண்ட செவுள் பிளவுகள் உள்ளன. முதுகில் உள்ள முதல் துடுப்பு பெரிது. இரண்டாம் துடுப்பு மிகச் சிறிது. வால் பிறைத் திங்களின் வடிவினது. வாலின் அடியில் இருபுறமும், கப்பலின் அடிமரமாகிய ஏராவைப் போன்ற மேடு ஒன்று ஓடுகிறது. வால் இருபுறமும் வீசப்படும்பொழுது இம்மேடு நீரை எளிதில் கிழித்துச் செல்கிறது. முதுகு கருநீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க, வயிறு வெண்மையாக உள்ளது. மேலிருந்து நோக்கின் ஆழ்கடலின் கருமையோடு முதுகும், கீழிருந்து நோக்கின் வானொளியோடு வயிறும் கலந்து தோன்றுவதால், இரை இதனை எளிதில் அறிவதில்லை.

எலும்பு மீன்கள் பலவற்றிற்கு உடலினுள் காற்றுப்பை உண்டு. அதன் துணையால் அவை ஓரிடத்தில் மிதந்து நிற்கும். சுறாவிற்குக் காற்றுப்பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரலே அதன் எடையைச் சிறிது குறைக்கிறது. மேலும், இக்குடும்பத்துச் சுறாக்கள் நின்ற இடத்தில் நின்று செவுள்களின் வழியே நீரைச் செலுத்தவல்லன அல்ல. முன்னோக்கி நீந்தும்பொழுது வாயினுள் புகும் நீரே செவுள்களைக் கடந்து உயிர்வளி தருகிறது. ஆகவே, பிறந்த நாள்முதல் இறக்கும் நாள்வரை இவை நீந்திக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓய்ந்து நிற்றல் இவற்றிற்கு உயிர்க்கேடாகும்.

ஐவகைச் சுறாக்கள்

ஐந்தனுள் உருவாற் பெரியது பெருவெள்ளைச் சுறா. பெண் சுறா ஆணினும் பெரிது. ஆறு மீட்டர் அளவும் வளரும். அதன் எடை ஓராயிரம் கிலோகிராமையும் கடக்கும். இளமையில் மீன்களை உண்ணும் இது, வளர்ந்த பின் கடல்நாய்களை வேட்டையாடுகிறது. இறந்து மிதக்கும் திமிங்கிலத்தையும் தின்கிறது. தென்னாப்பிரிக்கக் கடலில், கீழிருந்து விரைந்தெழுந்து கடல்நாயைக் கவ்வியவாறே நீர்மட்டத்திற்கு மேலே பாய்வதனைப் பலர் கண்டுள்ளனர்.

குறுந்துடுப்பு மாக்கோ சுறாக்களுள் மிக்க விரைவுடையது எனப் புகழ்பெற்றது. பளபளக்கும் நீல முதுகு உடையது. நான்கு மீட்டர் வரை வளர்வது. சூரை மீனையும் வாள்மீனையும் துரத்திப் பிடிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும் இது பரவியுள்ளது. இந்தியப் பெருங்கடலிலும் வாழ்கிறது. நெடுந்துடுப்பு மாக்கோ இதனை ஒத்ததே. ஆயினும், அதன் மார்புத் துடுப்புகள் நீண்டன. கண்கள் மிகப் பெரியன. அரிதாகவே காணப்படுதலின், தனி இனம் என நெடுநாள் எவரும் அறியாதிருந்தனர். 1966ஆம் ஆண்டில்தான் கியூபா நாட்டு அறிஞர் குய்தார்த்து மாந்தே அதனைத் தனி இனமாக விளக்கி, 'சிலவே உள்ளது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார்.

போர்பீகிளும் சால்மன் சுறாவும் குளிர்கடலில் வாழ்வன. இரண்டன் வாலடியிலும், பெரிய மேட்டின் கீழே மற்றொரு சிறு மேடு காணப்படும். இக்குடும்பத்தில் பிறவற்றிற்கு இல்லாத அடையாளம் இது. போர்பீகிளின் முதல் முதுகுத் துடுப்பின் பின்னடியில் ஒரு வெண்புள்ளி உண்டு. அதனைக் கொண்டு மீனவர் இதனை எளிதில் அறிவர். வட அட்லாண்டிக் பெருங்கடலிலும், தென்பாதி உலகின் குளிர்ந்த கடல்களிலும் போர்பீகிள் வாழ்கிறது. வட பசிபிக் பெருங்கடலில் அஃது இல்லை. அங்கே அதன் இடத்தில் வாழ்வது சால்மன் சுறா. வயிற்றில் கருநிறத் திட்டுகளை உடைய இது, ஆற்றை நோக்கித் திரளும் சால்மன் மீன்களைப் பின்தொடர்ந்து உண்பதால் இப்பெயர் பெற்றது.

பல் உரைத்த வரலாறு

ஐவகையையும் பிரித்தறியச் சிறந்த கருவி பல். பெருவெள்ளைச் சுறாவின் பல் அகன்ற முக்கோண வடிவினது; ஓரம் அரத்தைப் போல் அரிவாய் உடையது. இது தசையை அறுத்தற்கு ஏற்றது. மாக்கோவின் பல் மெலிந்து வளைந்து ஊசிபோல் கூர்ந்தது, ஓரம் வழவழப்பானது. வழுக்கும் மீனைக் குத்திப் பிடித்தற்கு ஏற்றது. லாம்னா பேரினத்தின் பல்லுக்கோ அடியில் இருபுறமும் இரு சிறு முனைகள் உண்டு. பல் உதிருமாயின் உடனே பின்வரிசைப் பல் முன்வந்து அதன் இடத்தை நிரப்பும். இவ்வாறு சுறா தன் வாழ்நாளில் எண்ணற்ற பற்களை உதிர்க்கிறது. குருத்தெலும்பு விரைவில் அழியும். பல்லோ கற்படிவமாகி ஊழிகள் கடந்தும் நிலைக்கும். ஆதலின், சுறாக்களின் பழவரலாற்றைப் பெரும்பாலும் பற்களே உரைக்கின்றன.

ஐரோப்பாவில் மலைப்பாறைகளிடையே முக்கோண வடிவான கற்கள் கிடைத்தன. அவற்றை 'நாக்குக் கற்கள்' என்றனர். வானிலிருந்து விழுந்தவை என்றும், கல்லாய்ச் சமைந்த பாம்பின் நாக்குகள் என்றும் மக்கள் நம்பினர். 1666ஆம் ஆண்டில் இத்தாலியின் லிவோர்னோவிற்கு அருகே மீனவர் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். அதன் தலை, தஸ்கனி நாட்டுக் கோமகனின் ஆணைப்படி புளோரன்சு நகரிலிருந்த டென்மார்க் நாட்டு மருத்துவ அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் கொண்டுவரப்பட்டது. அவர் அதனை அறுத்து ஆராய்ந்தார். அச்சுறாவின் பற்களும் நாக்குக் கற்களும் ஒரே வடிவின என்பதைக் கண்டு, அக்கற்கள் பண்டைச் சுறாக்களின் பற்களே என்று 1667ஆம் ஆண்டில் எழுதினார். அவருக்கு முன்னரும் அவ்வாறு கருதியோர் உண்டெனினும், கடல்வாழ் உயிரின் பல் மலைப்பாறையினுள் புகுந்தது எவ்வாறு என்னும் வினாவை ஸ்டெனோவே தொடர்ந்து ஆராய்ந்தார். நிலவியல் என்னும் அறிவுத்துறைக்கு அவ்வாராய்ச்சி அடிகோலியது. மீனவர் வலையில் பிடிபட்ட ஒரு சுறாவின் தலை, மண்ணுலகின் வரலாற்றை ஆராயும் வாயிலைத் திறந்தது எனலாம்.

பல் ஒருகால் அறிஞரையும் மயக்கியதுண்டு. பல ஊழிகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த 'மெகலோடான்' என்னும் மாபெருஞ்சுறாவின் பற்கள், மனிதனின் உள்ளங்கையினும் பெரியவாய்க் கிடைத்துள்ளன. அவற்றின் ஓரமும் அரம் போன்றதே. எனவே, 19ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி என்னும் அறிஞர் அதனைப் பெருவெள்ளைச் சுறாவின் பேரினத்திலேயே சேர்த்தார். பெருவெள்ளைச் சுறா மெகலோடானின் வழித்தோன்றல் என்னும் கருத்தும் நெடுங்காலம் நிலவியது. 1988ஆம் ஆண்டில் பெரு நாட்டுப் பாலைநிலத்தில், 222 பற்களோடும் முள்ளந்தண்டுத் துண்டுகளோடும் ஒரு சுறாவின் கற்படிவம் கிடைத்தது. அதன் பல் அகன்றதாயினும் ஓரத்து அரிவாய் மெல்லியதாய், மாக்கோ இனத்தின் வழவழப்பான பல்லிற்கும் பெருவெள்ளைச் சுறாவின் பல்லிற்கும் இடைப்பட்டதாய் இருந்தது. 2012ஆம் ஆண்டில் அது தனிச் சிற்றினமாகப் பெயரிடப்பெற்றது. பெருவெள்ளைச் சுறா, அகன்ற பல்லுடைய பண்டை மாக்கோவின் கால்வழியில் வந்தது என்பது இதனால் வலியுறுத்தப்பட்டது. மெகலோடான் இன்று வேறொரு குடும்பத்தில் வைக்கப்படுகிறது. ஒரே வகையான தொழில் ஒரே வகையான கருவியை வேறுவேறு குடும்பங்களில் தோற்றுவிக்கும் என்பதற்கு இப்பற்கள் சான்றாகும். சான்று கிடைத்தவழிப் பழைய கொள்கையைக் கைவிடுதலே அறிவியலின் இயல்பு.

குளிர்கடலில் வெப்பக் குருதி

மீன்கள் குளிர்குருதி உடையன என்பது பொதுவிதி. உடல் உழைப்பால் வெப்பம் பிறப்பினும், குருதி செவுளைச் சென்றடையும்பொழுது அவ்வெப்பம் நீரில் கலந்து மறைகிறது. ஆதலின் மீனின் உடல் சூழ்ந்துள்ள நீரின் வெப்பநிலையையே பெறுகிறது. லாம்னிடே குடும்பம் இவ்விதிக்கு விலக்காகும். மாக்கோவும் போர்பீகிளும் தம்மைச் சூழ்ந்துள்ள நீரினும் வெப்பமான உடலை உடையன என்பதனை, அமெரிக்க அறிஞர்களாகிய பிராங்கு கேரியும் ஜான் டீலும் 1969ஆம் ஆண்டில் விளக்கினர்.

இவ்வெப்பம் நிலைபெறும் முறை வியப்பிற்குரியது. இடைவிடாது நீந்துவதற்கு உரிய செந்தசைகள் பெரும்பாலான மீன்களில் தோலை ஒட்டி அமைந்திருக்கும். இக்குடும்பத்தில் அவை உடலின் உட்புறமாக, முள்ளந்தண்டை நெருங்கி அமைந்துள்ளன. அத்தசைக்கு வரும் குருதிக்குழாய்களும், அதனை விட்டுச் செல்லும் குருதிக்குழாய்களும் மயிரிழை போன்ற நுண்குழாய்களாகப் பிரிந்து, ஒன்றையொன்று ஒட்டி வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இதனை 'வியத்தகு வலை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அறிஞர் குறிப்பர். செவுளிலிருந்து வரும் குருதி குளிர்ந்தது. தசையிலிருந்து செல்லும் குருதி வெம்மையானது. இரண்டும் எதிரெதிரே ஓடுகையில், செல்லும் குருதி தன் வெப்பத்தை வரும் குருதிக்கு அளித்துவிடுகிறது. வெப்பம் வெளியேறாமல் தசையிடமே மீள்கிறது. ஊரைவிட்டுப் புறப்படுவோன் தன் கைப்பொருளை எதிரே ஊருக்குள் வருவோனிடம் கொடுத்துவிட்டுச் சென்றால், பொருள் ஊரிலேயே தங்குமன்றோ? இதுவும் அதனைப் போன்றதே.

தசை மட்டுமன்றி இரைப்பை, மூளை, கண் ஆகியனவும் இவ்வாறு வெப்பமுறுகின்றன. பெருவெள்ளைச் சுறாவின் இரைப்பை, சூழ்ந்துள்ள நீரினும் 14 செல்சியசு பாகை வரை வெம்மையுற்றிருந்ததனை ஆராய்ச்சியாளர் அளந்துள்ளனர். அலாஸ்காவின் கடுங்குளிர்க் கடலில் திரியும் சால்மன் சுறாவோ, ஏறத்தாழ 20 பாகை வேறுபாட்டையும் தாங்கி, தன் உடலை 26 பாகை அளவில் வைத்துக்கொள்ள வல்லது. வெம்மையுற்ற தசை விரைந்து சுருங்கும். வெம்மையுற்ற இரைப்பை விரைந்து செரிக்கும். வெம்மையுற்ற கண் விரைந்தோடும் இரையைத் தெளிவாகக் காணும். குளிர்ந்து மந்தமுற்ற மீனை வெம்மையுற்ற சுறா வெல்வதில் வியப்பில்லை. ஆயினும், அடுப்பு எரிய விறகு வேண்டும். இவ்வெப்பத்தைக் காக்க மிகுதியான உணவு வேண்டும். உணவு தேடி நெடுந்தொலைவு அலைதலும் வேண்டும். நிக்கோல் எனப் பெயரிடப்பட்ட ஒரு பெண் பெருவெள்ளைச் சுறா, 2003ஆம் ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் கருவி பொருத்தி விடப்பட்டது. அஃது இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவை அடைந்து, 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் தென்னாப்பிரிக்கக் கரையில் காணப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் அது கடந்த தொலைவு 20,000 கிலோமீட்டருக்கும் மிகுதி.

புலன்களின் கூர்மை

மோப்பத்திலும், நீரின் அதிர்வை உணர்தலிலும் சுறா வல்லது. அதற்கு மற்றொரு புலனும் உண்டு. சுறாவின் மூக்கைச் சுற்றிச் சிறு துளைகள் காணப்படும். இத்தாலிய அறிஞர் ஸ்டெபனோ லோரன்சினி 1678ஆம் ஆண்டிலேயே இவற்றை விளக்கி எழுதினார். இவற்றின் பயன் யாது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. உயிர்களின் தசை இயங்குங்கால் மிக மெல்லிய மின்னாற்றல் தோன்றுகிறது. அதனை இத்துளைகளின் வழியே சுறா உணர்ந்து, கண்ணிற்குப் புலனாகாத இரையையும் அருகில் சென்றவுடன் அறிந்துகொள்கிறது.

பிறப்பும் வளர்ச்சியும்

பெரும்பாலான மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு விட்டுவிடும். இக்குடும்பத்துச் சுறாக்களின் வழி வேறு. முட்டை தாயின் வயிற்றினுள்ளேயே பொரிகிறது. குட்டி அங்கேயே வளர்கிறது. தாய் தொடர்ந்து கருவுறா முட்டைகளை ஈன, அவற்றை உண்டே கருக்குட்டி கொழுக்கிறது. குறுந்துடுப்பு மாக்கோ 15 முதல் 18 மாதங்கள் வரை கருவைச் சுமந்து, நான்கு முதல் இருபத்தைந்து குட்டிகள் வரை ஈனும். போர்பீகிள் எட்டு ஒன்பது மாதங்கள் சுமந்து, நான்கு குட்டிகளே ஈனும். பெருவெள்ளைச் சுறாவின் குட்டி பிறக்கும்பொழுதே ஒரு மீட்டருக்கும் மிகுதியான நீளமுடையது. பிறந்தவுடன் அது தனித்தே வேட்டையாடத் தொடங்கும். தாயின் பாதுகாப்பு அதற்கு இல்லை.

இவை வளர்வதும் மெல்லவே. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் கடலில் கலந்த கதிரியக்கக் கரிமம், அக்காலத்துச் சுறாக்களின் முள்ளந்தண்டில் படிந்தது. அதனை அடையாளமாகக் கொண்டு முள்ளந்தண்டின் வளையங்களை எண்ணிய அறிஞர், பெருவெள்ளைச் சுறா எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழவல்லது என 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அட்லாண்டிக் கடலின் பெண் சுறா முதிர்ச்சியடைய முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்பது அடுத்த ஆண்டு வெளியான மதிப்பீடு. கொன்றவை மிகப் பலவாகவும், பிறப்பவை மிகச் சிலவாகவும் இருப்பின், எவ்வினமும் நிலைத்தல் இயலாது.

அச்சமும் உண்மையும்

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'ஜாஸ்' என்னும் திரைப்படம் பெருவெள்ளைச் சுறாவை மனிதரைத் தேடிக் கொல்லும் பகையாகக் காட்டியது. அச்சம் பரவியது, அதனைக் கொல்லுதல் வீரமெனவும் கருதப்பட்டது. அத்திரைப்படத்திற்கு அடிப்படையான புதினத்தை எழுதிய பீட்டர் பெஞ்சிலி, பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். பெருவெள்ளைச் சுறா மனிதரைக் கடித்தலும், அதனால் உயிர்ச்சேதம் நேர்தலும் உண்மையே. அதனை மறுத்தல் முறையன்று. ஆயினும், உலகம் முழுவதும் எல்லாச் சுறாக்களும் மனிதரைத் தாமே வலியத் தாக்கும் நிகழ்ச்சிகள் ஆண்டொன்றிற்கு நூற்றுக்கும் குறைவே. மறுபுறம், மனிதர் ஓராண்டில் கொல்லும் சுறாக்கள் ஏறத்தாழப் பத்துக் கோடி என 2013ஆம் ஆண்டில் அறிஞர் மதிப்பிட்டனர். யார் யாருக்கு அஞ்சுதல் வேண்டும் என்பதனை இக்கணக்கே உரைக்கும்.

கடலிலும் பெருவெள்ளைச் சுறாவிற்குப் பகை இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கரையில், கல்லீரல் பறிக்கப்பட்ட பெருவெள்ளைச் சுறாக்கள் இறந்து ஒதுங்கின. அவற்றைக் கொன்றவை கொல்லுதிமிங்கிலங்களே.

போர்பீகிள் தரும் பாடம்

இக்குடும்பத்தின் நொய்மையை நன்கு விளக்குவது போர்பீகிளின் வரலாறு. அதன் இறைச்சி சுவைமிக்கது. ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை பெற்றது. தம் அண்மைக் கடலில் போர்பீகிள் குறைந்தமையால், நார்வே நாட்டு மீன்பிடி கப்பல்கள் 1961ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவை அடுத்த கடலுக்குச் சென்றன. நீண்ட கயிற்றில் எண்ணற்ற தூண்டில்களைக் கோத்து அவை வேட்டையாடின. 1964ஆம் ஆண்டில் பிடிபட்ட போர்பீகிளின் எடை 9,000 டன்னை எட்டியது. அதன் பின்னர் ஆண்டுதோறும் பிடிப்பு வீழ்ந்தது. தொடங்கிய ஆறே ஆண்டுகளில் அம்மீன்பிடி சீர்குலைந்தது. குறைந்த தொகை ஓரளவு பெருகக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1990களில் கனடா நாட்டினர் மீண்டும் முனைந்து பிடிக்கவே, மறுபடியும் தொகை சுருங்கியது. இறுதியில் 2013ஆம் ஆண்டில் கனடா அவ்வேட்டையை நிறுத்தியது. ஆறு ஆண்டில் அழித்ததனை மீட்கப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

காக்கும் வழி

தென்னாப்பிரிக்க அரசு 1991ஆம் ஆண்டில் பெருவெள்ளைச் சுறாவைச் சட்டத்தால் காத்தது. அவ்வாறு காத்த முதல் நாடு அதுவே. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்று உள்ளது. இந்தியா 1976ஆம் ஆண்டு முதல் அதில் உறுப்பு நாடு. அவ்வுடன்பாட்டின் பட்டியலில் பெருவெள்ளைச் சுறாவைச் சேர்க்க 2004ஆம் ஆண்டிலும், போர்பீகிளைச் சேர்க்க 2013ஆம் ஆண்டிலும், மாக்கோ இரண்டையும் சேர்க்க 2019ஆம் ஆண்டிலும் முடிவு செய்யப்பட்டது.

மாக்கோ இரண்டையும் ஒருங்கே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சந்தைக்கு வருவது முழுச் சுறாவன்று. பெரும்பாலும் அறுக்கப்பட்ட துடுப்பும் இறைச்சித் துண்டுமே. ஒன்றைக் காத்து மற்றொன்றை விடுத்தால், காக்கப்பட்டதனை விடுபட்டதன் பெயரால் விற்றல் எளிது. ஆகவே, எது எவ்வினம் எனப் பிரித்தறிதல், அறிஞரின் ஏட்டிற்கு மட்டும் உரிய செய்தியன்று. துறைமுகத்தில் நிற்கும் அலுவலருக்கும், வலையிழுக்கும் மீனவருக்கும், சட்டம் இயற்றுவோருக்கும் அவ்வறிவு வேண்டும். வாலடியில் மேடு ஒன்றா இரண்டா, பல்லின் ஓரம் அரமா வழவழப்பா, மார்புத் துடுப்பு குறிதா நெடிதா என்னும் சிறு வேறுபாடுகளே, ஓர் இனம் வாழ்வதும் மாய்வதுமாகிய முடிவிற்குக் காரணமாகலாம்.

வேட்டையாடும் உயிர் அழிந்தால் கடல் செழிக்கும் என எண்ணுதல் பிழை. நலிந்தனவற்றையும் நோயுற்றனவற்றையும் உண்டு, ஓரினம் அளவிறந்து பெருகாதவாறு தடுப்பன வேட்டையுயிர்களே. விரைந்த உடலும், வெம்மையான குருதியும், கூரிய புலனும் பெற்ற இச்சுறாக்கள், தம் வலிமையால் எண்ணிலா ஊழிகளைக் கடந்து வாழ்ந்து வந்துள்ளன. தூண்டிலையும் வலையையும் மட்டும் அவ்வலிமை வெல்லவில்லை. இனி அவை வாழ்வது மனிதனின் அறிவையும் அடக்கத்தையும் பொறுத்ததாகும். அறியாமை அஞ்சும், அஞ்சியதனை அழிக்கும். அறிவோ ஆராயும், ஆராய்ந்ததனைப் போற்றும்.

வினாக்கள்

1. லாம்னிடே குடும்பத்தின் மூன்று பேரினங்களையும் ஐந்து சிற்றினங்களையும் கூறுக.
2. பற்களைக் கொண்டு இச்சுறாக்களைப் பிரித்தறிவது எவ்வாறு?
3. இக்குடும்பத்துச் சுறாக்கள் குளிர்நீரில் தம் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் முறையை விளக்குக.
4. மெகலோடானைப் பற்றிய பழங்கொள்கை மாறியது ஏன்?
5. போர்பீகிள் மீன்பிடியின் வரலாறு உணர்த்தும் பாடம் யாது?